எங்கள் வீட்டை விற்றுக்கொடுத்த மாமனார்

2007-ஆம் வருடம் பிப்ரவரி மாதம். அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசனில் இருந்தோம். இருந்தோம் என்பதைவிட, கிளம்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தோம் என்றால் சரியாக இருக்கும்.

அந்த வருடங்களில் எங்கள் பக்கத்துத் தமிழர்கள் எங்கே கூடினாலும், கொலுவாக இருக்கட்டும், பிறந்தநாளாக இருக்கட்டும், சுண்டல் கைக்கு வருவதற்குள் பேச்சு ஒரே இடத்துக்கு வந்துவிடும். இந்த ஊரில் ஏன் இன்னும் இருக்கிறோம்? ஒருவர் வீட்டு வரியைச் சொல்வார். ஒருவர் பனி அள்ளி இடுப்பு பிடித்துக்கொண்டதைச் சொல்வார். தினமும் ரயிலில் நின்றுகொண்டே மன்ஹாட்டன் போய் வருகிறவர் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் சோபாவில் தூங்கிக்கொண்டிருப்பார். அடிக்கடி ஏதாவது ஒரு குடும்பம் டெக்ஸாஸுக்கோ நார்த் கரோலினாவுக்கோ மூட்டை கட்டும். நாங்கள் அவர்களுக்குப் புளியோதரை செய்து கொடுத்து வழியனுப்பிவிட்டு, திரும்பி வரும்போது காரில் சண்டை போட்டுக்கொள்வோம்.

கடைசியில் எங்களுக்கும் வழி பிறந்தது. கணவருக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்தது. அவர் முன்னால் போய், பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் அபார்ட்மென்ட் எடுத்துத் தங்கினார். அங்கே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். எடிசன் வீட்டை விற்றுவிட்டு நானும் ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளும் போய்ச் சேர வேண்டும். விற்றால்தானே? இலை உதிரும் காலத்தில் வாசலில் நட்ட பலகை, இப்போது பனியில் பாதி புதைந்து நின்றது. வருகிறவர்கள் எல்லாம் "லவ்லி ஹோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பி ஒருவரும் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் மாமனார் எங்களோடு இருந்தார். மாமியார், தன் மகளின் பிரசவத்துக்காக சான் ஹோசே போயிருந்தார். மாமனார் திருச்சி கோர்ட்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்களுக்குச் சத்தியம் செய்து வைப்பது அவருடைய வேலை. மற்றவர்கள் சொன்ன பொய்யை எல்லாம் கேட்டுக் கேட்டோ என்னவோ, அவருக்குப் பொய் என்பதே வராமல் போய்விட்டது. "இந்தச் சட்டை எனக்கு எப்படி இருக்கு?" என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டை விற்றுத்தர ஒரு குஜராத்தி ஆன்ட்டியை ஏற்பாடு செய்திருந்தோம். கெட்டிக்காரப் பெண்மணி. வீடு விற்கும்வரை தாளிக்கக் கூடாது, வடாம் பொரிக்கக் கூடாது, வீடு பார்க்க ஆள் வரும்போது நாங்கள் யாரும் வீட்டில் இருக்கக் கூடாது, தவறி இருந்துவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு பேஸ்மென்ட் எங்களுக்கு உண்டு. பெருமழை பெய்தால் அதில் தண்ணீர் கசியும். அதை வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் காகிதத்தில் எழுதியாகிவிட்டது, நீங்கள் பேச்சில் எடுக்க வேண்டாம் என்றார். தாளிக்காத சாப்பாட்டில் மாமனார் வாடிப்போனார். "வீடு விக்கறதுக்குள்ள நான் பத்தியத்துலயே போயிடுவேன் போலிருக்கும்மா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் விழித்தால் வெளியே கார் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடு. வீடு பார்க்க ஒரு தம்பதி வருகிறார்கள், வெளியூர்க்காரர்கள், மறுநாள் விமானம் ஏறுகிறார்கள், அதனால் எப்படியும் வந்தே தீருவார்கள் என்று ஆன்ட்டி போன் செய்தார். நாங்கள் வெளியே போக வழியில்லை. மாமனாரை மாடி அறையில் உட்கார வைத்து, "மாமா, அவங்க போற வரைக்கும் தயவுசெஞ்சு கீழ வராதீங்க" என்று சொன்னேன். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

வந்தவர்கள் என் வயதுதான் இருப்பார்கள். கணவர் ஜாக்கெட்டைக் கழற்றாமல் நடுங்கிக்கொண்டிருந்தார். மனைவி தலையில் முக்காட்டின் மேல் ஒரு கம்பளித் தொப்பி போட்டிருந்தார். ஷூவைக் கழற்றும்போது அந்தப் பெண் கணவரிடம், "பாத்துங்க, வழுக்குது" என்றாரே பார்க்கலாம். அடுத்த நொடி மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"தமிழா? எந்த ஊரு?"

"கீழக்கரை, அங்கிள். இவங்களுக்கு மெட்ராஸ்" என்றார் அந்தக் கணவர்.

பல நாளாகப் பேச ஆள் கிடைக்காத மனிதருக்கு இது போதாதா? வீட்டைச் சுற்றிக் காட்டும் பொறுப்பை மாமனாரே எடுத்துக்கொண்டார். ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. பெரியவர் உறவு கொண்டாடுகிறார் என்று நினைத்து, என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"இந்த ஜன்னலை எல்லாம் மூடித்தான் வெச்சிருக்கோம், ஆனாலும் குளிர் வரும். கீழ பேஸ்மென்ட் இருக்கு, பெருமழைன்னா தண்ணி வரும். போன அக்டோபர்ல நான்தான் வாளியில மொண்டேன்."

நான் அவருக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினேன். தலையை ஆட்டினேன்.

"என்னம்மா, கண்ணுல தூசியா?" என்றார்.

"தாத்தா, யூ ஆர் நாட் சப்போஸ்ட் டு டாக்" என்றாள் என் மகள், எல்லாருக்கும் கேட்கும்படி. ஆன்ட்டி மட்டும்தான் அதைக் கேட்டுச் சற்றே முகம் மாறினார்.

மாமனார் நிறுத்தவில்லை. "ஊரு எப்படின்னா, வரி ஜாஸ்தி. கார்ல இடது பக்கம் திரும்பணும்னா முதல்ல வலது பக்கம் போகணும், அது ஏன்னு யாருக்கும் தெரியல. நாலு மாசம் வெயில் கண்ணுல படாது. அதான் என் பையன் கிளம்பிட்டான்." எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர்களும் போய்விட்டால் அடுத்த ஆள் எப்போது வருமோ? மகள் தினமும் போனில் அப்பாவிடம் எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டார். "உங்க பையன் எங்க போயிருக்காங்க, அங்கிள்?"

"டெக்ஸாஸ். கேட்டின்னு ஒரு ஊரு."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்க அங்கருந்துதான் வர்றோம்" என்றார் அவர்.

மாமனார் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க தம்பி. அங்கருந்து ஏன் கிளம்பறீங்க?" என்று விசாரணையை ஆரம்பித்தார்.

அந்தப் பெண் டாக்டர். இங்கே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் கிடைக்காவிட்டாலும் கிளம்பியிருப்போம் என்றார். "கோடையில ஸ்டியரிங்கைத் தொட முடியாது ஆன்ட்டி" என்று என்னிடம் சொன்னவர், வயதைப் பார்த்துவிட்டு "அக்கா" என்று திருத்திக்கொண்டார். "ஒரு புயலுக்கு ஊரைக் காலி பண்ணச் சொன்னாங்க. பகல் பூரா ஃப்ரீவேல உக்காந்திருந்தோம். திரும்பிப் பாத்தா எங்க ஊரு எக்ஸிட் போர்டு இன்னும் தெரியுது."

"எங்க வாப்பா வந்திருந்தப்ப நடக்கறதுக்கு ஒரு பிளாட்பாரம் கிடையாது. பஸ் கிடையாது, ரயில் கிடையாது. பாவம், ஜெயில்ல இருந்த மாதிரி இருந்துட்டுப் போனாங்க" என்றார் கணவர். பின்கட்டில் பாம்பு வந்த கதையையும் சொன்னார்.

"வரியாவது கம்மிதானே?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"வீட்டு வரியா? அதுவும் நல்லாவே இருக்கும்க்கா. உங்க சார் சொல்லலையா?"

என் சார் சொல்லவில்லை. நான் நேராகச் சமையலறைக்குப் போய், விதியாவது ஒன்றாவது என்று எல்லாருக்கும் ரவா உப்புமா தாளித்தேன். பெருங்காய வாசனையில் ஆன்ட்டி தலையில் கைவைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மதியம் அவரிடமிருந்து போன். அந்தத் தம்பதி நம் வீட்டையே வாங்குகிறார்கள் என்றார். என்னால் நம்ப முடியவில்லை. வீட்டுச் சாவியைக் கொடுக்கும் நாளில் ஏன் எங்கள் வீட்டை எடுத்தீர்கள் என்று அந்த டாக்டர் பெண்ணிடமே கேட்டேன்.

"நாங்க பாத்த மத்த வீட்ல எல்லாம் ஒரு குறையும் இல்லன்னு சொன்னாங்கக்கா. அதைக் கேட்டாலே பயமா இருந்துச்சு. உங்க வீட்ல என்னென்ன ரிப்பேர் பண்ணணும்னு எங்களுக்குத் தெரியுமே."

நாங்கள் கேட்டி வந்து சேர்ந்தோம். முதல் ஜூன் மாதத்திலேயே ஸ்டியரிங்கைத் துணியால் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். கணவரிடம் வரியைப் பற்றிக் கேட்டபோது, "சொன்னா நீ வந்திருக்க மாட்டியே" என்றார். அவர் கோர்ட்டில் வேலை பார்த்ததில்லை. அவர் அப்பாவின் குணம் அவருக்கு வரவும் இல்லை. ஆனாலும் மகள் சாயந்திரம் கொல்லையில் செருப்பில்லாமல் ஓடுவதைப் பார்க்கும்போது, வந்தது தப்பில்லை என்றுதான் தோன்றியது. அங்கே எடிசனில் அந்த டாக்டர் பெண், தன் கணவரின் வாப்பா தினமும் தனியாகப் பஸ் ஏறிக் கடைத்தெருவுக்குப் போய் வருவதாகப் போனில் சொன்னார்.

இப்போதும் யாராவது புது ஊருக்கு வீடு மாறப்போவதாக வந்து என்னிடம் யோசனை கேட்டால், அந்த ஊரிலிருந்து கிளம்பிக்கொண்டிருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து முதலில் பேசிவிடுங்கள் என்கிறேன். அவர் சொல்வதை எல்லாம் கேட்ட பிறகும் போகலாம் என்று தோன்றினால், அதுதான் உங்கள் ஊர்.