ஒளிதல் பதினெட்டு

மகள் கதவைத் திறந்து "வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் குனிந்துவிடுவார். சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்தில் ஓர் எண்ணெய்ப் புட்டி வெளியே வரும். கீழ்க் கீலுக்கு ஒரு சொட்டு, நடுக் கீலுக்கு ஒன்று, எக்கி நின்று மேல் கீலுக்கு ஒன்று. பிறகு கதவை இரண்டு முறை ஆட்டிப் பார்ப்பார். சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு இது தவறாமல் நடக்கும். போன வாரம் போட்டது அதற்குள் காய்ந்தா போயிருக்கும்? அதெல்லாம் அவரிடம் கேட்கக் கூடாது.

"விடுங்கப்பா. சத்தம் வந்தாத்தான் யாரோ வர்றாங்கன்னு தெரியும்" என்று மகள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பூட்டு, கீல், தாழ்ப்பாள் பழுது பார்ப்பவர். முப்பத்தொரு வருடத் தொழில். கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் ‘பூனை’தான். வந்து நிற்பதும் தெரியாது, எப்போது போனார் என்பதும் தெரியாது. சொந்த வீட்டில் ஒரு கதவுகூட முனகாது. வீட்டுக்காரம்மாவின் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், மனிதர் பின்வாசல் வழியாகப் போயே போய்விட்டிருப்பார். எல்லாம் ஓய்ந்த பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவார். "சண்டைக்கு நடுவுல நான் எதுக்கு?" என்பார். இந்த ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு முப்பது வருடக் குடித்தனத்தை ஓட்டியிருக்கிறார் என்றால் பாருங்கள்!

நாலு வருடத்துக்கு முன்பு, கட்டிக் கொடுத்த இடத்தில் இருக்க முடியாமல் மகள் பெட்டியும் கையுமாக வந்து நின்றாள். அம்மா வாசற்படியைத் தாண்ட விடவில்லை. "அப்பாவையாவது கூப்பிடும்மா" என்று அவள் கெஞ்சியது, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தவருக்கு நன்றாகவே கேட்டது. கேட்டுவிட்டு, பின்வாசல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினார். காலில் போட்டால் சத்தம் வருமே! அட மனிதா, பெற்ற பெண் வாசலில் நிற்கும்போது செருப்புச் சத்தமா பெரிசு?

அவள் தனியாக ஒரு வேலை தேடி, தனியாக ஒரு வீடு பார்த்துக்கொண்டாள். மூன்று வருடம் பேச்சே இல்லை. போன வருடம் அவள் வீட்டுப் பூட்டு மாட்டிக்கொண்டது. எதிர்வீட்டு நர்ஸ், யார் என்று தெரியாமலே கடைத்தெருவிலிருந்து இவரைக் கூட்டி வந்தாள். வேலை முடிந்தும் இவர் கிளம்பவில்லை. உள்ளே மேசையில் வரைபடம், பகடைகள், பென்சில்கள். ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு; மகள் கதை சொல்லி நடத்துகிறாள். நர்ஸ் ஒரு வைத்தியச்சியாக, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் நெட்டை நண்பர் ஒரு கோடாரி வீரனாக அந்தக் கதைக்குள் நடமாடுகிறார்கள். இன்னொரு ஆள் குறைகிறது என்றாள் நர்ஸ். மகள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "விளையாடறதா இருந்தா வரலாம். வீட்டுப் பேச்சு வேண்டாம்" என்றாள். அன்றிலிருந்து சனிக்கிழமை ஆனால், மனைவியிடம் ஒரு கீல் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

அவரவர் ஆளை அவரவரே உருவாக்க வேண்டும். பலம், வேகம், அறிவு, பேச்சு, ஒளிதல் என்று ஐந்து கட்டங்கள். பங்கிட முப்பது புள்ளிகள். நெட்டை நண்பர் ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்த தாளுக்கு இவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். அழித்து அழித்துத் தாளே நைந்துவிட்டது. கடைசியில் பிறந்தவன் ஒரு நிஞ்சா, சத்தமில்லாமல் வந்து போகும் ஜப்பானிய உளவாளி. ஒளிதல் பதினெட்டு, வேகம் பத்து, பலம் இரண்டு. அறிவும் பேச்சும் பூஜ்யம். அவனுக்குத் துணி சுற்றிய காலணியும், இடுப்பில் ஓர் எண்ணெய்ப் புட்டியும் கொடுத்திருந்தார்.

"பேச்சுக்கு ஒண்ணாவது வைங்க சார். ஒளியறதுல ஒண்ணு குறைஞ்சா என்ன ஆயிடப் போகுது?" என்றாள் நர்ஸ்.

"அவனுக்கு எதுக்கும்மா பேச்சு? வந்தது தெரியாம போயிடுவான்."

பெயருக்கான கட்டத்தையும் காலியாகவே விட்டிருந்தார். பேர் இருந்தால் கூப்பிடுவார்களாம்.

அந்த நிஞ்சாவால் ஒரு நல்ல நாளும் வந்தது. கோட்டைக் கதவை உடைப்பதா, ஏறிக் குதிப்பதா என்று மற்ற இருவரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, "கீலுக்கு எண்ணெய் விட்டுத் திறக்கிறான்" என்றார் இவர். மகள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். "சூப்பர்ப்பா!" நாலு வருடத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததில்லை. அந்த வாரம் முழுக்க மனிதர் கடையில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று படியிறங்கும் நேரத்தில் அவளே கேட்டாள். "நான் பெட்டியோட வந்த அன்னிக்கு நீங்க வீட்டுல இல்லதானப்பா?" அவர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு தலையாட்டு ஆட்டினார். அவள் தனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டாள். அது அவருக்கு முள்ளாகத் தைத்தது. அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸில் வரும்போது வாய்க்குள் ஒத்திகை பார்ப்பார்: "அன்னிக்கு நான் கதவுக்குப் பின்னாடிதான் இருந்தேன்மா." ஐந்தே சொற்கள். எட்டு மாதமாக ஒன்றுகூட வெளியே வந்தபாடில்லை.

நேற்றைய சனிக்கிழமைதான் கடைசி ஆட்டம். மகளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்திருக்கிறது. சுவரோரம் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. திரும்பி வரும் எண்ணமில்லை என்று போன வாரமே சொல்லிவிட்டாள்.

ஆட்டத்தில் நிஞ்சாவுக்கு அம்பு பாய்ந்தது. விழுந்தவன் விழுந்த இடத்திலேயே ஒளிந்துகொண்டான். அவனை அப்படித்தானே செய்திருக்கிறார். மூன்று சுற்றுக்குள் வைத்தியச்சி கண்டுபிடித்தால் பிழைப்பான். இருபது முகப் பகடையை நர்ஸ் உருட்ட வேண்டும், அவனுடைய பதினெட்டைத் தாண்டி விழ வேண்டும். முதலில் ஏழு விழுந்தது. அடுத்தது பன்னிரண்டு.

"சார், ஒரு குரல் கொடுங்க. கத்தினா பகடையே வேண்டாம்" என்றார் நெட்டை நண்பர்.

அவர் தாளைப் பார்த்தபடி இருந்தார். பேச்சு என்ற கட்டத்தில் பூஜ்யம், பென்சிலில், பெரிதாக.

மகள் குரலைத் தணித்தாள். "கூப்பிடலாம்ப்பா. எங்க இருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வந்துடுவாங்க."

தொண்டையில் அந்த ஐந்து சொற்களும் வரிசை கட்டி நின்றன. அவள் முகத்தைப் பார்த்தார். இவ்வளவு நேராக அவள் இவரைப் பார்த்து எத்தனை காலமாகிறது! இதைவிட நல்ல நேரம் இனி வரப்போவதில்லை என்று அவருக்கே தெரிந்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"எதிரிக்குக் கேட்டுடும்மா" என்றார்.

நர்ஸ் மூன்றாவது முறை உருட்டினாள். பகடை வரைபடத்தின் விளிம்பு வரை ஓடி நின்றது. பதினெட்டு. தொட்டது, தாண்டவில்லை. "அந்த ஒரு புள்ளி, சார்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"சரி. செத்துட்டான்" என்றாள் மகள். தன் நோட்டில் ஒரு கோடு கிழித்துவிட்டு டீ போட உள்ளே போனாள். மற்ற இருவரும் பகடைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார்கள்.

அவர்கள் நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. கதவு ஒரு சின்ன முனகல்கூட முனகவில்லை. வெளியே, மூடிய கதவுக்கு முன்னால், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. "அப்பா, உங்களுக்கு சர்க்கரை போடலாமா?" சற்றுப் பொறுத்து மறுபடியும், "அப்பா?"

அவர் கை மணிப் பொத்தான் வரை போனது. பிறகு இறங்கியது. கதவின் கைப்பிடியில் தன் விரல் எண்ணெய் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெறுங்காலுடன் படியிறங்கினார்.