சுவர்ப்பக்கம்

ஈஸ்ட் ஹாம் பட்டறையொன்றில் அவர் பழைய குடைராட்டினக் குதிரைகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளில், வீட்டு அலங்காரத்துக்கு விற்றுப்போன குதிரைகளை வேனில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. மெலிந்த மனிதர். இமையில்கூடச் சிவப்பு வர்ணம் ஒட்டியிருக்கும்.

இங்கிலாந்து ராட்டினம் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். அதனால் வெளியே நின்று சனம் பார்க்கும் இடப்பக்கத்தில்தான் பூவும் பிடரிச் சுருளும் செதுக்கினார்கள். வலப்பக்கம் வெறும் மரம். கழுத்தில் பெயர் எழுதுவதும் வழக்கம். ஒருநாள், விற்றுப்போன மூன்று குதிரைகளில் ஒன்றின் இடப்பக்கத்தில் முதலாளி சொன்ன ஆங்கிலப் பெயரை எழுதிவிட்டு, வலப்பக்கத்தில் தமிழில் இன்னொரு பெயர் எழுதினார்.

"ஆற்றை பேர் அண்ணை?"

"என்ரை மூத்தவள். மற்ற ரெண்டு குதிரையிலையும் மற்றப் பிள்ளையள். ஊரிலை சண்டைக்கை விட்டிட்டு வந்தனான், மூண்டு வருசமா ஒரு சேதியும் இல்லை."

"வாங்கிறவை அழிச்சுப்போடமாட்டினமோ?"

"சுவரோடை சாத்தித்தானே வைப்பினம். ஆர் பாக்கப்போகினம்?"

மூன்று குதிரைகளும் மூன்று ஊர்களுக்குப் போயின. மூன்று வீட்டிலும் வலப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியது நான்தான்.

திரும்பி வந்தபோது தூரிகையைக் கழுவியபடி கேட்டார்: "பிள்ளையளை வெளிச்சமான இடத்திலையோ விட்டனீர்?"

"ஓம் அண்ணை" என்றேன்.

சுவரைப் பற்றி அவர் கேட்கவில்லை.