டில்லி அண்ணன் வாங்கிக்கொண்ட அடிகள்

செய்தி எங்கள் தொழில்காரர்களின் கைப்பேசிக் குழுவில் வந்தது. திருப்பதியில் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் சமூக ஊடக விளம்பரம் செய்கிறவர்கள் சேர்ந்த குழு அது. சத்தியவேட்டில் ஒரு மாட்டுத் தீவனக் கடைக்கு வீடியோ எடுக்கப் போன டில்லிபாபு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று போட்டிருந்தார்கள். அடுத்தடுத்து கைகூப்பிய படங்கள். நடுவில் ஒருவர் கேட்டார்: "சித்தூர் ஹோட்டல உடைக்க வெச்சாரே, அவரா?" விஜயபுரம் பக்கத்தில் அவர் வீட்டு வாசலில், உடலை எடுப்பதற்கு முன்பும், அதே பேச்சு என் காதில் விழுந்தது. அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுவது அதனால்தான்.

நான் அவரிடம் நான்கு வருடம் வேலை செய்தேன். தெலுங்கில் அவர் எழுதுவார், தமிழில் நான். முதல் வாரம் ஒரு பாத்திரக் கடைக்காக, தரமான பொருள், நியாயமான விலை என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு இரும்பு ஸ்கேலை மேசைமேல் ஓங்கி அடித்தார். துள்ளி எழுந்துவிட்டேன்.

"இப்ப திரும்பிப் பாத்த இல்ல? இந்தச் சத்தம் மொத வரியில கேக்கணும். தரம், நியாயம்னு எழுதுனா ஜனங்க வெரலால தள்ளிக்கினு போய்க்கினே இருப்பாங்க."

கடைக்காரரிடம் அவரே பேசினார். பழைய குக்கர் வெடித்து அந்தக் கடைக்காரர் மனைவியின் கழுத்து வெந்துபோன கதை வெளியே வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு குக்கரையும் கடையிலேயே தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துப் பார்த்த பிறகுதான் விற்கிறாராம். அந்த வீடியோவுக்குப் பின் கடையில் நிற்க இடமில்லை. எங்களிடம் வருகிற எல்லோரிடமும் நாங்கள் ஒரு காயத்தைத் தேட ஆரம்பித்தோம்.

பிரியாணிக் கடை முதலாளி ஒருவர் வந்தார். அவருடைய அம்மா சித்தூரில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவியவர். பசியில் ஒரு வாய் சோறு அள்ளித் தின்றதற்காக, பழுக்கக் காய்ந்த கரண்டியால் தோளில் அடித்தார்களாம். எந்த மெஸ் என்று அவருக்குத் தெரியாது. அம்மாவும் உயிரோடு இல்லை. டில்லி அண்ணன், "ஒரு மெஸ்" என்றே எழுதினார். எனக்கு அது போதவில்லை. கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் இருந்தால்தான் கதையை நம்புவார்கள் என்று எத்தனையோ புத்தகம் படித்துத் தெரிந்துவைத்திருந்தேன். சித்தூரில் நான் எப்போதோ சாப்பிட்ட ஒரு ஹோட்டலின் பச்சைக் கதவையும், கல்லாவுக்கு மேல் தொங்கிய வெண்கல மணியையும் எடுத்துச் சேர்த்தேன். "பிரமாதம்மா" என்று அவர் அதைத் தெலுங்கிலும் சேர்த்துக்கொண்டார். எங்கே பார்த்தாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கதை வெளியான நான்கே நாளில் யாரோ அந்தக் கதவைப் படமெடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, கமென்டில் போட்டார்கள். ஆறாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது வண்டிகளில் ஆட்கள் போய் இறங்கினார்கள். "கொட்டண்டிரா! அடிங்கடா!" என்று இரண்டு மொழியிலும் கத்திக்கொண்டு கண்ணாடி அலமாரியை உடைத்தார்கள். கொதிக்கும் சாம்பார் அண்டாவைக் கவிழ்த்தார்கள். மணியைப் பிய்த்து அதனாலேயே கல்லாவில் இருந்த பெரியவரின் நெற்றியில் அடித்தார்கள். அதையும் அவர்களே வீடியோ எடுத்துப் போட்டார்கள்.

டில்லி அண்ணன் அதைப் பார்த்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவாமலே எழுந்தார். அந்த ஹோட்டலில்தான் மணியைப் பார்த்தேன் என்று சித்தூர் போகும் பஸ்ஸில் அவரிடம் சொன்னேன்.

கண்ணாடித் தூளுக்கு நடுவில் நின்று, பிரியாணிக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்திலேயே நேரலையில் பேசினார். "இந்தக் கடையில யாரும் யாரையும் அடிக்கல. ஊரு பேரு தெரியாத கதைக்கு இந்தக் கடை அடையாளத்த வெச்சது நான்." நான் வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "நீ கம்முனு இரு" என்றார். பெரியவரின் மனைவி ஓடிவந்து செருப்பால் அவர் முகத்தில் அடித்தார், மூன்று முறை. அவர் கைப்பேசியைத் தாழ்த்தவில்லை.

மறுநாள் பிரியாணிக் கடை ஆட்கள் ஆபீசுக்கு வந்தார்கள். "எங்க ஓனர் அம்மாவையே பொய்யாக்கிட்டியேடா" என்று இரும்புக் குழாயால் அவர் வலது கையை அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் கதவோரத்தில் நின்ற எனக்குக் கேட்டது. அடையாளம் வைத்தது நான்தான் என்று அப்போதும் நான் சொல்லவில்லை.

புத்தூர் எலும்பு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர் சிரித்தார். "நல்லதாப் போச்சு. இனிமே டைப் பண்ற வேலை மொத்தமும் உனுக்குத்தான்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "அடி வாங்குனவங்களக் காட்டுனா ஜனங்களுக்குக் கண்ணுல தண்ணி வரும். அடிச்சவன் இவன்தான்னு காட்டுனா கையில கல்லு வரும். அந்தக் கல்ல நாமதான் எடுத்துக் குடுக்குறோம்."

அதன்பின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். ஒரு கதையை வெளியே விடுவதற்கு முன், அதில் யார்மேல் அடி விழுமோ அவரைத் தேடிப்போய் முழுக்கப் படித்துக்காட்டுவார். திட்டுவார்கள். கதவைச் சாத்துவார்கள். பாதிக் கதைகள் அங்கேயே நின்றுபோயின. கடைக்காரர்கள் பலர் எங்களை விட்டுப் போனார்கள். அவர் விடவில்லை.

அந்த வழக்கத்தைத்தான் அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் சித்தூருக்குப் போய், இதுவரை நீங்கள் படித்த எல்லாவற்றையும் அந்தப் பெரியவருக்குப் படித்துக்காட்டினேன். நெற்றித் தழும்பைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"என் சம்சாரம் செருப்பால உன்னத்தானம்மா அடிச்சிருக்கணும்?"

"ஆமாங்க."

"அவரு உயிரோட இருக்கசொல்லவே நீ சொல்லியிருக்கலாம் இல்ல? அவரு கையாவது ஒடையாம இருந்திருக்கும்."

அவர் என் கையிலிருந்த தாளை வாங்கி மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சரி, போடு. என் பேரு, கடை பேரு எதுவும் வேணாம். உன் பேரப் போடு."

— கோமதி