என் மனைவி சொன்ன ‘எப்பா’

முருகன் அடியார்களே, 2005ஆம் ஆண்டு ஆடி மாதம் என் மனைவி பாக்கியம் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். அவள் சாகத் தீர்மானித்துவிட்டாள் என்று நான் நம்பினேன். அந்த மூன்று வாரம் நான் பட்ட பாட்டையும், கடைசியில் முருகன் தந்த பதிலையும் உங்கள் முன் வைக்கிறேன். நம் கோயில் மலருக்கு இதுவரை நான் எழுதியதெல்லாம் பொதுக்கூட்ட அறிக்கை. சாட்சி எழுதுவது இதுதான் முதல் தடவை. நடை கொஞ்சம் ஆபிஸ் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஹலியகொடப் பக்கத்து றப்பர்த் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் கிளாக்கராக இருந்தவன் நான். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை பிரதி வேண்டும், எந்த மேசையில் அது எத்தனை நாள் தூங்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பாக்கியத்துக்கு இது வேடிக்கை. “சோறு வேணும்னா வாயால கேளுங்க, கடுதாசி எழுதி நீட்டாதீங்க” என்பாள். பெரிய பேச்சுக்காரி. சந்தைக்குப் போனால் தமிழில் விலை கேட்டுச் சிங்களத்தில் சண்டை போட்டுவிட்டு வருவாள்.

அந்த வருஷம் வைகாசியில் அவளுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவள் வாயில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல்: “எப்பா.”

கொழும்பில் இருக்கும் எங்கள் மகன், வயதானவர்களை வீட்டுக்கே வந்து பராமரிக்கும் ஒரு சேவை நிலையத்தில் சொல்லி ஆள் அனுப்பினான். நிலையத்தின் பெயர் இங்கே தேவையில்லை. வந்தவள் குசுமா. நாற்பது வயது, வெள்ளைச் சட்டை, சுத்தமான கை. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நாங்கள் இருவரும் சிங்களம் பேசுவோம் என்பதால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. தவிர, அவள் கையில் ஒரு படிவம் இருந்தது. குளிப்பு, உணவு, மருந்து, புரட்டிப் படுக்கவைத்தல் என்று கட்டம் கட்டமாக. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி கவலை தீர்ந்தது. நிலையத்தின் விதிகளையும் கொடுத்தாள். நான்காவது விதி: நோயாளி மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. நல்ல விதி. நானே அதைச் சுவரில் ஒட்டினேன்.

முதல் நாள் மதியம் குசுமா பாக்கியத்தைத் தூக்கித் தலையணையில் சாய்த்து, சோற்றைக் கரண்டியில் எடுத்தாள்.

“எப்பா” என்றாள் பாக்கியம்.

குசுமா கரண்டியைக் கீழே வைத்தாள். “மஹத்தயா, நோனா எப்பா கியனவா” என்றாள். ஐயா, அம்மா வேண்டாம் என்கிறார். சிங்களத்தில் எப்பா என்றால் வேண்டாம். நம் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

இரவும் எப்பா. மறுநாளும் எப்பா. புரட்டிப் படுக்கவைக்கப் போனாலும் எப்பா. நானும் அவளைத் தூக்கிச் சாய்த்து ஊட்டப் போனேன். எனக்கும் அதே சொல். படுத்தபடியே மூக்கு வைத்த கோப்பையில் பால் தேத்தண்ணி மட்டும் கொஞ்சம் குடித்தாள். படிவத்தில் உணவுக் கட்டத்தில் ‘மறுத்தார்’, புரட்டல் கட்டத்தில் ‘மறுத்தார்’. குசுமாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

இரண்டாவது வாரம் நிலையத்திலிருந்து மேற்பார்வை செய்ய ஒரு பெண் வந்தார். படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு கட்டமும் காலியாக இல்லை. “பராமரிப்பின் தரம் மிகத் திருப்தி” என்று எழுதிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். பாக்கியத்தின் அறை வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டார், அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அந்த இரண்டு வாரம் பாக்கியத்தைவிடப் படிவத்தைத்தான் அதிகம் பார்த்திருந்தேன்.

என் மேதாவித்தனம் அதோடு நிற்கவில்லை. நோய் அவள் மூளையில் தமிழ் இருந்த பக்கத்தை அழித்துவிட்டது, சிங்களம் இருந்த பக்கம் தப்பிவிட்டது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன். அவர்களும் தலையாட்டினார்கள். பிறகு நான் பாக்கியத்திடம் சிங்களத்திலேயே பேசத் தொடங்கினேன். நாற்பது வருஷம் “என்னாங்க” என்று கூப்பிட்டவளிடம் “நோனா, பத் கனவாத?” என்று கேட்டேன். சோறு சாப்பிடுகிறாயா என்று. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதையும் குசுமா ‘மறுத்தார்’ என்று எழுதினாள்.

மூன்றாவது வாரம் கிளினிக்கில் டாக்டர் அவள் முதுகைப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து உரியத் தொடங்கியிருந்தது. “அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் வார்டில் சேர்த்து மூக்கால் குழாய் போட வேண்டும். அதற்கும் உடம்பு தாங்குமா தெரியாது” என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து பின்வாசலில் உட்கார்ந்து அழுதேன். அவளுக்கு வாழ்க்கை போதுமாகிவிட்டது. நானும் அவளுக்குப் போதுமாகிவிட்டேன். அதைத்தான் ஒரு சொல்லில் சொல்கிறாள். இப்படித்தான் நினைத்தேன்.

வியாழன் காலை நம் முருகன் கோயிலுக்குப் புறப்பட்டேன். மனதுக்குள் வேண்டுதலைத் தயார் செய்துகொண்டே படியேறினேன். பழக்கம் விடவில்லை. ஒன்று, அவள் சாப்பிட வேண்டும். இரண்டு, அது முடியாதென்றால், ஏன் வேண்டாம் என்கிறாள் என்று எனக்குச் சொல்ல வேண்டும். மூன்றாவது எதையும் கேட்கத் தோன்றவில்லை. “முருகா, அவ இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று மட்டும் வந்தது.

கடைசிப் படியில் என் முழங்கால் பிடித்துக்கொண்டது. வலியில் உயிர் போயிற்று. அப்படியே படியில் உட்கார்ந்து, “எப்பா... முருகா!” என்றேன்.

பூசாரி விபூதித் தட்டோடு நின்றிருந்தார். அவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே, சந்நிதியிலும் வாய் சும்மா இருக்காது.

“என்னாங்க கிளாக்கரய்யா, முருகன் எப்பாவா? வேணாம்னா எதுக்குங்க இம்புட்டுப் படி ஏறி வந்தீங்க?” என்றார்.

நான் சிரிக்கவில்லை. முழங்காலைப் பிடித்தபடி ‘எப்பா’ என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

உட்காரும்போது எப்பா. எழும்பும்போது எப்பா. விறகைத் தூக்கினால் எப்பா. கல்யாணமான நாள் முதல் பாக்கியம் வலித்தால் சொல்வது அதுதான். அவளுக்கு அது தமிழ்! சாப்பாடு கொடுக்க அவளைத் தூக்க வேண்டும். தூக்கினால் விழுந்துபோன வலது தோள் இழுத்துக்கொண்டு வலிக்கும். புரட்டினாலும் அதே வலி. அவள் வலிக்கிறது என்றாள். நாங்கள் வேண்டாம் என்று எழுதினோம்.

“ஐயா, விபூதி?” என்று பூசாரி கூப்பிட்டது காதில் விழுந்தது. நான் பாதிப் படி இறங்கியிருந்தேன். முழங்கால் எப்படி விட்டுக்கொடுத்தது என்று இன்றும் தெரியாது.

வீட்டுக்கு ஓடி, குசுமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கையில் இருந்த படிவம் கீழே விழுந்தது. கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷம் கோபம் வந்தது.

“மஹத்தயா தெமள நேத?” என்றாள். ஐயா தமிழர்தானே?

முப்பத்தொரு வருஷத்தில் எந்தத் துரையும் என்னை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

குசுமா அந்த வலது தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து, துணிச் சுருட்டு ஒன்றை வைத்து, மெல்ல மெல்ல நிமிர்த்தினாள். “எப்பா” என்றாள் பாக்கியம். இந்தத் தடவை நாங்கள் நகரவில்லை. “வலிக்குதா பாக்கியம்? கொஞ்சம் பொறுத்துக்க. சாப்பிடுறியா?” என்று தமிழில் கேட்டேன். அவள் வாயைத் திறந்தாள். ரசம் ஊற்றிக் குழைத்த சோறு. முதல் வாய் இறங்கியது. இரண்டாவது இறங்கியது. பதினொரு வாய் சாப்பிட்டாள். கண்ணீர் வழிந்துகொண்டே சாப்பிட்டாள். எங்கள் மூன்று பேருக்கும் வழிந்தது.

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் குழாய்க்கு வேலை இருக்கவில்லை. புண் ஆறுவதற்குப் புரட்டாசி ஆயிற்று. குசுமா அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் கரண்டியைப் பிடித்தபடி “வேணுமா?” என்று கேட்பாள். வாய் திறந்தால் வேண்டும், மூடினால் வேண்டாம். எப்பாவுக்குத் தமிழ்க் கட்டம் ஒன்று, சிங்களக் கட்டம் ஒன்று என்று புதிய படிவம் வரைந்து கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்துக் கட்டில் காலுக்கு அடியில் ஆட்டம் நிற்கச் செருகினாள். நிலையத்துக்கு ஒரு கடிதமும் எழுதினேன்: அடுத்த தடவை வருபவர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுக் கையெழுத்து வைக்கட்டும் என்று. ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. எனக்கு அது சாதனை.

அடியார்களே, உங்கள் வீட்டிலும் படுக்கையில் யாராவது இருக்கலாம். முருகனிடம் கேளுங்கள். என்னைப் போல எண் போட்டுக் கேட்டாலும் அவன் கோபிப்பதில்லை. அவன் பதில் உங்கள் வாயிலிருந்தே வரலாம், ஆகவே கொஞ்சம் கவனமாக இருங்கள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் உட்காருங்கள்.

கார்த்திகையில் பாக்கியத்துக்கு இரண்டாவது சொல் வந்தது. பதினாறாவது வாய்க்கு, “போதும்” என்றாள். சந்தோஷத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை, இன்னும் ஒரு வாய் ஊட்டிவிட்டேன். மூன்றாவது சொல்லும் உடனே வந்தது. கோயில் மலரில் அச்சிடக்கூடிய சொல் அல்ல. முருகனுக்கு நன்றி.