புரியாத ஒரு வரி

கிள்ளானிலிருந்து வரும் ரயிலில் என் பக்கத்தில் இருந்தவர் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். மூன்று நாள் தாடி, மடியில் கணினி.

"என்னா தம்பி, வயித்து வலியா?"

"இல்ல ஆன்டி. வெப்சைட்டுங்களுக்குப் பின்னால ஓடுற ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம் இது. யாரும் இலவசமா எடுத்துக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். நான்தான் காவல். திருடன் நுழையற ஓட்டை ஒண்ணு இதுல இருக்கு. முகம் தெரியாத ஒருத்தர் அடைச்சு அனுப்பியிருக்காரு. நான் ஓகே அமுக்கினா எல்லாருக்கும் போயிடும்."

"அமுக்கு லா!"

"அவரு எழுதினதுல ஒரு வரி புரியல ஆன்டி."

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் புரியாத காகிதத்தில் ஒருநாளும் நான் கைநாட்டு வைத்ததில்லை. அதன்பின் அவரை அவசரப்படுத்தவில்லை.

அந்த வரிக்கு விளக்கம் கேட்டு, அதை அனுப்பியவருக்கே அவர் எழுதினார். சுபாங் ஸ்டேஷனில் இறங்கணும் என்றவர், அது வந்தும் எழவே இல்லை. நான் இறங்க வேண்டிய பிரிக்பீல்ட்ஸ் வந்தும் பதில் வரவில்லை. நானும் இறங்கவில்லை.