அப்பா ஓட்டாத விமானம்

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. மூத்த மகனாகிய நான் இந்த நினைவு மலரில் எழுதும் இதை, உறவினர்களும் நண்பர்களும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

அப்பா ஏரலில் ஒரு வாழைத்தார் வியாபாரியின் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார்கள். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்து, பத்தொன்பது வயதில் விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்தார்கள். ஓய்வுபெற்றபின் பேட்டையில் பட்டறை வைத்து, தண்ணீர் மோட்டார் பழுது பார்த்து எங்கள் மூவரையும் படிக்கவைத்தார்கள். அம்மா படுக்கையில் கிடந்த நான்கு வருடமும் மதியம் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, தாமே சோறு ஊட்டினார்கள்.

கல்லூரி விடுதியில் முதல் நாள், அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடம் "ஏர்போர்ஸ்ல பைலட்" என்றேன். பட்டறையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு தில்லி அலுவலகத்திலும் அதையே சொன்னேன்.

மூன்று வருடங்களுக்கு முன் தில்லிக்கு வந்திருந்த அப்பா, "ஏலே, நான் வேலை பாத்த பிளேன் இங்கன மியூசியத்துல நிக்காம். ஒருக்கா கூட்டிட்டுப் போயேன்" என்றார்கள். தமிழரான என் மேலதிகாரி இதைக் கேள்விப்பட்டு, தாமே கார் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டார். கிளம்பும்போதுதான் அப்பாவிடம், "அவர்ட்ட உங்கள பைலட்னு சொல்லி வச்சிருக்கேன்ப்பா" என்றேன்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"சரிலே" என்றார்கள்.

மியூசியக் கொட்டகைக்குள் வரிசையாகப் பழைய விமானங்கள். சிறிய போர் விமானம் ஒன்றைக் கண்டதும் அப்பா வேகமாக நடந்து, அதன் வயிற்றுப் பக்கம் குனிந்தார்கள். அங்கிருந்த மூடி ஒன்றை நோக்கிக் கை நீண்டது. "சார், நீங்க ஓட்டுனது இதுவா?" என்றார் அதிகாரி. அப்பா கையை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை.

"இதுக்குள்ள உக்காந்திருக்கேன்" என்றார்கள். எஞ்சினைச் சோதிக்க மெக்கானிக்கும் உள்ளே உட்காருவதுண்டு.

அதற்குமேல் அதிகாரி எவ்வளவு கேட்டும் அப்பா வாய் திறக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசிவரை நடந்தார்கள். வீட்டுக்கு வந்ததும், "நான் பொய் சொல்லலைலே. உக்காந்தது நெசந்தான்" என்றார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான், கேட்கவில்லை. புற்றுநோயோடு பெரியாஸ்பத்திரியில் கிடந்த கடைசி இரண்டு மாதங்களிலும் பக்கத்திலேயே இருந்தேன். அப்போதும் கேட்கவில்லை.

இம்மலருக்கு அதிகாரி அனுப்பிய இரங்கல் கடிதத்தில், அப்பாவை "சிறந்த விமானி" என்று எழுதியிருந்தார். நேற்று அவரைத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னேன். அவர், "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா அந்த மூடியத் திறந்தா என்ன இருக்கும்னு கேட்டிருப்பேனே" என்றார். எனக்கும் அது தெரியாது.

ஆஸ்பத்திரியில் முறைவைத்துத் துணைக்கிருந்த தம்பிக்கும் தங்கைக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தங்கள் பட்டறைகளைச் சாத்திவிட்டு வந்து அப்பாவைத் தோளில் சுமந்த பேட்டை அண்ணாச்சிமார்களுக்கும் எங்கள் நன்றி. அப்பா தம் வேலையைப் பற்றிச் சொல்லக் கேட்டவர்கள் உங்களில் யாரேனும் இருந்தால், தயவுசெய்து எனக்கும் சொல்லுங்கள்.