பாப்பாவின் வீட்டோடு மாப்பிள்ளைகள்

படகுத்துறைப் பலகைமேல் குப்புறப் படுத்து, தலையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு கீழே பார்க்கிறாள் என் தங்கை. நான் அவள் கணுக்கால்களைப் பிடித்திருக்கிறேன். "இன்னும் ஒரு சாண் விடுண்ணா" என்கிறாள். வாயில் டார்ச் இருப்பதால் சொற்கள் குழைந்துதான் வருகின்றன. பழகிய காதுக்குப் புரிகிறது. அவளுக்கு ஐம்பது நடக்கிறது. கடல் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. எனக்கு இன்னும் பாப்பாதான்.

கடல் விஞ்ஞானியே தவிர, படகு துறையை விட்டு நகர்ந்ததும் அவளுக்குக் குமட்ட ஆரம்பித்துவிடும். "எனக்குக் கடலைப் பிடிக்கும். கடலுக்குத்தான் என்னைப் பிடிக்கலை" என்பாள். அதனால் கரையை விட்டு நகராமலே செய்யக்கூடிய ஆராய்ச்சியாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள். துறைமுகத் தூண்களிலும் கப்பலின் அடியிலும் வெள்ளைக் கொப்புளம் போல அப்பிக்கிடக்குமே கொட்டலசு, அதுதான் அவள் உலகம். குஞ்சாக இருக்கும்போது நீரில் அலைந்து திரியும். பிடித்த இடமாகப் பார்த்து ஒட்டிக்கொண்டால் பிறகு சாகும்வரை நகராது. ஓட்டைத் திறந்து, இறகு போன்ற கால்களை வெளியே நீட்டி, வருகிற தீனியை அள்ளிக்கொள்ளும்.

"வீட்டோட மாப்பிள்ளைங்கண்ணா. ஒக்காந்தா எந்திரிக்க மாட்டாங்க. சாப்பாடு மட்டும் தேடி வரணும்."

சாண் அகல மண் ஓடுகளைக் கயிற்றில் கட்டித் துறைக்கு அடியில் தொங்கவிடுவாள். மாதம் ஒருமுறை தூக்கி, யார் யார் வந்து குடியேறியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, வேறு ஓடு மாட்டுவாள். மாணவியாக இருந்த நாளிலிருந்து ஒரு மாதமும் தவறியதில்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறாள். "ஒரு மாசம் விட்டா, அந்த மாசம் கடல் என்ன பண்ணுச்சுன்னு இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுண்ணா" என்பாள்.

நான் தையல்காரன். எட்டாம் வகுப்போடு நின்றவன். என் தையல் மிஷின் அவளைக் கல்லூரிப் படிப்பு முடியும்வரை கொண்டுபோனது. அதற்குமேல் கொண்டுபோனது நாட்டின் ஆராய்ச்சி உதவித்தொகை. அதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் பொறுக்கமாட்டாள். "நம்ம மூஞ்சியே பாக்காத சனங்க கட்டின வரி" என்று முணுமுணுத்தபடி ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துக்கொண்டே வருவாள்.

ஆனால் அந்தப் பணம் கொட்டலசுக்கென்று ஒருபோதும் வந்ததில்லை. நாட்டுக்கு எது முக்கியம் என்பது சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும். பணமும் அந்தப் பக்கம் திரும்பும். கப்பல்களுக்கு எரிபொருள் அதிகம் செலவாகிறது என்று அரசு கவலைப்பட்டபோது, கப்பலின் வேகத்தைக் குறைக்கும் உயிர்கள் என்று எழுதினாள். மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியபோது, ஈரத்திலும் ஒட்டும் பசை என்று எழுதினாள். கடல் சூடாகிறது என்று பேச்சு வந்ததும் அதிலும் ஓடுகளுக்கு இடம் கண்டுபிடித்தாள். எதுவும் பொய்யில்லை. இருக்கிற துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டுச் சட்டைக்குத் தேற்றுகிற வேலை. எனக்கு நன்றாகவே புரியும்.

போன வருடம் துணி எட்டவில்லை. நடுக்கடலில் பெரிய மிதவைகளை விட்டு, அவற்றிலுள்ள கருவிகளாலேயே கடலை அளப்பது என்று புதிய தேசியத் திட்டம் வந்தது. நிலையத்தின் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை உங்க மாப்பிள்ளைங்களுக்குப் பந்தியில இடமில்லைம்மா" என்றாராம். வருடக் கடைசியில் அவள் அறைக்குக் கடல்நீர் ஏற்றும் பம்பை நிறுத்துவார்கள். ஓடு தொங்கவிடுவதும் அதோடு சரி. கடைசியாக நிதிக்குழுவிடம் ஒருமுறை பேசிப்பார்க்கலாம்; அவ்வளவுதான்.

அந்த வாரம் அவள் சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோலம்தான் போட்டாள். "வேற என்னண்ணா எழுத? இருக்கிற காரணமெல்லாம் தீந்துபோச்சு."

கூட்டத்துக்கு முந்தின நாள், சோதனைக்காக முன்பே கடலில் விட்டிருந்த முதல் மிதவையை நிலையத்துப் பட்டறைக்கு இழுத்துவந்தார்கள். சில மாதங்களாகவே தாறுமாறான அளவுகளை அனுப்பிக்கொண்டிருந்ததாம். கருவியில் கோளாறு என்று பிரித்துப் பார்த்தால், நீரை அளக்கும் கண்ணாடி முழுக்கக் கொட்டலசு. சுரண்டுவதற்குத் தகட்டோடு வந்தவரிடம் கெஞ்சி, பாப்பா அந்தக் கண்ணாடியை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அதை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய், ஒரு தட்டில் பிரித்துக் குழுவின் மேசைமேல் வைத்தாளாம். குழுத்தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னம்மா இது?" என்றிருக்கிறார்.

"உங்க மிதவைக்குக் கண்ணு தெரியலைன்னீங்களே சார், அதுக்குக் காரணம். பாவம், தண்ணியில்லாம இருக்காங்க" என்று சொல்லி, பாட்டிலில் கொண்டுபோன கடல்நீரைத் தட்டில் ஊற்றியிருக்கிறாள். பதற்றத்தில் தட்டு நிரம்பி வழிந்துவிட்டது. "ரெண்டு பேரு ஃபைல் நனைஞ்சுபோச்சுண்ணா. வேலை போச்சுன்னே நெனச்சேன்."

நனைந்த ஃபைலைத் துடைக்கவந்த கைகள் அப்படியே நின்றுவிட்டனவாம். தட்டில் கொட்டலசு ஓடுகள் ஒவ்வொன்றாகத் திறந்து, இறகுக் கால்கள் வெளியே வந்து நீரைத் துழாவ ஆரம்பித்திருந்தன. பிறகு தலைவர், "இதுங்க எந்த மாசம் வந்து ஒட்டும்னு முன்னாடியே சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

அதற்கு மட்டும் அவளிடம் பதில் இருந்தது.

பணம் வந்துவிட்டது. பம்ப் ஓடுகிறது. கொட்டலசு ஒட்டாமல் தடுக்கும் பூச்சுகளைச் சோதிப்பதுதான் அவளுக்குத் தரப்பட்ட வேலை. "விரட்டறதுக்கா பாப்பா காசு வாங்கினே?" என்றேன்.

"விரட்டணும்னாலும் அவங்க எப்ப வராங்க, எங்க ஒக்காருறாங்கன்னு தெரியணும்ல? நம்ம மூலையிலயும் கொஞ்சம் வெளிச்சம் விழுந்துச்சேண்ணா. அதுக்கே கும்பிடணும்." உடனே, "மாப்பிள்ளைங்களே நேர்ல போய் சிபாரிசு பண்ணிட்டாங்க" என்று சிரித்தாள்.

புதுத் திட்டத்தின் முதல் ஓட்டைத் தொங்கவிட நானும் போயிருந்தேன். ஓட்டின் ஒரு பாதியில் சிவப்புப் பூச்சு. மறுபாதி வெறும் ஓடு. வழக்கம்போலக் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டேன். முடிச்சை இரண்டுமுறை இழுத்துப் பார்த்தாள். தண்ணீரில் இறக்கப் போனவள் நின்று, விருந்தாளி உட்காருமுன் நாற்காலியைத் தட்டிவிடுவதுபோல, பூச்சு இல்லாத பாதியை மட்டும் உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தாள். பிறகு கயிற்றை மெல்ல விட்டாள்.